ஆறு பேருக்கு நாலு விதமான ரூல்: கோவிட் காலத்து க்ரூஸ் பயணம், ஒரு நிகழ்வு ஆய்வு

யாரு, எங்க, எதுக்கு

இது ஹூஸ்டன் பக்கத்துல சுகர்லேண்ட்ல இருக்கற ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு 2021 கடைசியிலயும் 2022 ஆரம்பத்துலயும் நடந்தது. பேரு எதுவும் போடலை. அவங்களுக்கு நான் குடும்ப நண்பர், டாக்குமெண்ட் வேலையெல்லாம் கூட உக்காந்து பாத்தவன், அவங்க சம்மதத்தோடதான் எழுதறேன். ஊர்லேர்ந்து அப்பா அம்மாவ கூப்பிட்டு வந்து எங்கயாவது கூட்டிட்டுப் போகணும்னு நினைக்கற எல்லாருக்கும் இதுல எடுத்துக்க விஷயம் இருக்கு, ரூல் அடுத்த தடவை வேற மாதிரி மாறினாலும்.

மொத்தம் ஆறு பேர். மகன் 39, மருமகள் 36, ரெண்டு பேரும் க்ரீன் கார்டு, அமெரிக்காவுலயே ஃபைசர் போட்டவங்க. மூத்த பொண்ணுக்கு 9 வயசு, சின்னவனுக்கு 3. மகனோட அப்பாவுக்கு 68, சுகர் இருக்கு. அம்மாவுக்கு 64. ரெண்டு பேரும் சென்னை, பத்து வருஷ விசிட்டர் விசா முன்னாடியே கையில இருந்துது. ரெண்டு வருஷமா பேரன் பேத்திய வீடியோ கால்ல மட்டும்தான் பாத்துட்டு இருந்தாங்க, சின்னவனத் தூக்கினது அவன் ஒரு வயசா இருக்கும்போது.

பிளான் இது: கால்வெஸ்டன் துறைமுகத்துலேர்ந்து ஏழு நாள் க்ரூஸ், கோசுமெல் உட்பட மெக்ஸிகோ பக்கம். கிளம்பற நாள் 2022 ஜனவரி 2, ஞாயித்துக்கிழமை.

செப்டம்பர் 2021: புக் பண்ணினப்ப தெரிஞ்சதும் தெரியாததும்

அமெரிக்காவுல க்ரூஸ் கப்பல் எல்லாத்தையும் அந்த நாட்டு நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி 2020 மார்ச் 14 அன்னைக்கு நிறுத்தினது, திரும்ப கால்வெஸ்டன்லேர்ந்து முதல் கப்பல் கிளம்பினது 2021 ஜூலை 3. அதனால செப்டம்பர்ல டிக்கெட் விலை நல்லா குறைஞ்சு இருந்துது. செப்டம்பர் 20 அன்னைக்கு வெள்ளை மாளிகை, தடுப்பூசி போட்ட வெளிநாட்டுக்காரங்கள நவம்பர்லேர்ந்து உள்ள விடுவோம்னு அறிவிச்சாங்க. மகன் அந்த வாரமே ரெண்டு கேபின் புக் பண்ணிட்டார், ஒண்ணு அப்பா அம்மாவுக்கு, இன்னொண்ணு இவங்க நாலு பேருக்கு.

அப்பாவுக்கு மட்டும் மனசு ஒப்பலை. 2020 பிப்ரவரில ஜப்பான் யோகோஹாமாவுல டைமண்ட் பிரின்சஸ் கப்பல நிறுத்தி வெச்சிருந்தத டிவில தினம் பாத்தவர் அவர், அந்தக் கப்பல்ல இருந்த 3,711 பேர்ல 712 பேருக்கு வந்துதே, நம்மூர் பசங்களும் அதுல வேலை பாத்தாங்களேன்னு ஃபோன்ல திரும்பத் திரும்பக் கேட்டார். அந்த பயம் நியாயமானதுதான், அத யாரும் சிரிச்சு ஒதுக்கலை. இப்ப எல்லாரும் தடுப்பூசி போட்டுட்டு, டெஸ்ட் எடுத்துட்டுதான் ஏறறாங்கன்னு சொல்லித்தான் சம்மதிக்க வெச்சாங்க.

ஆனா அப்ப இருந்த நிலைமையில மூணு பேருக்குமேல கப்பல் ஏறவே முடியுமான்னு கேள்வி. அப்பா போட்டது கோவாக்சின், அத அன்னைக்கு உலக சுகாதார நிறுவனம் பட்டியல்ல சேக்கலை. 9 வயசு பொண்ணுக்கு அந்த வயசு தடுப்பூசியே வரலை. சின்னவனுக்கு வாய்ப்பே இல்ல. டெக்ஸஸ்ல அந்த ஜூன்ல ஒரு சட்டம் வந்துது, கம்பெனிங்க கஸ்டமர்கிட்ட தடுப்பூசி சான்று கட்டாயமா கேக்கக் கூடாதுன்னு. அதனால க்ரூஸ் கம்பெனி என்ன பண்ணுச்சுன்னா, சான்று காட்டினா போட்டவங்க கணக்கு, காட்டலைன்னா போடாதவங்க கணக்கு, போடாதவங்களுக்கு கூடுதல் டெஸ்ட், செலவும் அவங்களோடது.

இந்த நேரத்துல எடுத்த முடிவு ரெண்டு. ஒண்ணு, முழுப் பணம் கட்டறதுக்கு முந்தி கேன்சல் பண்ணினா டெபாசிட் திரும்பக் கிடைக்கற வகை டிக்கெட்டா பாத்து எடுத்தாங்க, விலை கொஞ்சம் கூட. ரெண்டாவது, எந்தக் காரணத்துக்கு நிறுத்தினாலும் பணம் தர்ற வகை டிராவல் இன்சூரன்ஸ அப்பவே எடுக்காம விட்டுட்டாங்க. சாதாரண இன்சூரன்ஸ் பயந்து போகாம இருந்தா பணம் தராது, இந்த வகை தரும், பெரும்பாலும் 50லேர்ந்து 75 சதவீதம் வரைக்கும், ஆனா டெபாசிட் கட்டின ரெண்டு மூணு வாரத்துக்குள்ள எடுத்துடணும். அப்பறம் பாத்துக்கலாம்னு தள்ளிப் போட்டாங்க, அந்தக் கெடு தாண்டிடுச்சு.

அக்டோபர், நவம்பர்: கோவாக்சினும் இனிஷியலும்

அக்டோபர் 26 அன்னைக்கு உலக சுகாதார நிறுவனத்தோட குழு கூடி, கோவாக்சினுக்கு இன்னும் விவரம் வேணும்னு கேட்டப்ப அப்பா ஃபோன்ல ரொம்ப உடைஞ்சு போயிட்டார். மார்ச்ல பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல அன்னைக்கு இருந்தத போட்டுக்கிட்டார், அவ்வளவுதான் அவர் பண்ணினது. அம்மாவுக்கு அன்னைக்கு காய்ச்சல் இருந்ததால பத்து நாள் கழிச்சுப் போனாங்க, அப்ப அங்க இருந்தது கோவிஷீல்டு. ஒரே வீட்டுல ரெண்டு பேர், ஒருத்தருக்கு அமெரிக்கா கதவு தொறக்குது, இன்னொருத்தருக்கு இல்ல. நவம்பர் 3 அன்னைக்கு ஒப்புதல் வந்துது, நவம்பர் 8 அன்னைக்கு அமெரிக்கா தொறந்தப்ப கோவாக்சினும் செல்லும்னு ஆச்சு. அந்த அஞ்சு நாள் இடைவெளி தப்பியிருந்தா இந்த பயணமே இல்ல.

9 வயசு பொண்ணுக்கும் கிட்டத்தட்ட அதே வாரம்தான், நவம்பர் 2 அன்னைக்கு சிடிசி 5லேர்ந்து 11 வயசுக்கு ஃபைசர் போடலாம்னு சொல்லிடுச்சு. மருமகள் அன்னைக்கு ராத்திரியே காலண்டர எடுத்து பின்னாலேர்ந்து எண்ணினாங்க. கப்பல் ஜனவரி 2, ரெண்டாவது ஊசிக்கப்புறம் 14 நாள், ரெண்டு ஊசிக்கு நடுவுல 21 நாள், அப்ப நவம்பர் 28க்குள்ள முதல் ஊசி. நவம்பர் 9 அன்னைக்கே போட்டாச்சு. இந்த மொத்தக் கதையில எந்த இடறலும் இல்லாம முடிஞ்ச ஒரே வேலை இதுதான்னு நினைக்கறேன், காரணம் பின்னாலேர்ந்து எண்ணினதுதான்.

பெரிய தலைவலி எதிர்பார்க்காத இடத்துலேர்ந்து வந்துது: இனிஷியல். கோவின்ல (இந்திய அரசோட தடுப்பூசி இணையதளம்) சான்றிதழ் ஆதார் பேர வெச்சு வந்துது, அப்பாவோட ஆதார்ல பேருக்கு முன்னாடி ஒத்தை எழுத்து இனிஷியல். பாஸ்போர்ட்ல அந்த இனிஷியல விரிச்சு அவங்க அப்பா பேர குடும்பப் பேர் இடத்துல போட்டிருக்கு. க்ரூஸ் புக்கிங் பாஸ்போர்ட் படி. வெள்ளைக்காரங்க பார்வைல இது ரெண்டு வெவ்வேற ஆளு. நமக்கு இது ஒரு விஷயமே இல்ல, பொறந்ததுலேர்ந்து இப்படித்தான் எழுதறோம், ஆனா துறைமுகத்துல கவுண்டர்ல நிக்கற பொண்ணுக்கு அத விளக்க முடியாது. கோவின்ல பேர் திருத்தம் ஒரே ஒரு தடவைதான் அப்ப விட்டுது, அதனால மகன் ஸ்க்ரீன் ஷேர் போட்டு ஒவ்வொரு எழுத்தா பாஸ்போர்ட்டோட ஒத்துப் பாத்து, அப்பறம்தான் சப்மிட் குடுக்க வெச்சார். பாஸ்போர்ட் நம்பரும் சேத்து, முழுப் பொறந்த தேதியோட வர்ற வெளிநாட்டுப் பயண சான்றிதழ எடுத்து கலர்ல பிரிண்ட் போட்டாங்க.

டிசம்பர் முதல் வாரம்: சென்னைலேர்ந்து ஹூஸ்டன்

ஃப்ளைட் டிசம்பர் 8. தடுப்பூசி போட்டவங்களுக்கு 3 நாளுக்குள்ள எடுத்த டெஸ்ட் போதும்னு இருந்துது, அதனால டிசம்பர் 5 அன்னைக்கு லேப்ல நேரம் வாங்கியிருந்தாங்க. ஒமிக்ரான் வந்ததும் டிசம்பர் 2 அன்னைக்கு அறிவிப்பு, 6ஆம் தேதிலேர்ந்து கிளம்பறதுக்கு ஒரு நாள் முன்னாடி எடுத்த டெஸ்ட்தான் செல்லும். ஒரு நாள்னா 24 மணி நேரம் இல்ல, முந்தின காலண்டர் நாள்லேர்ந்து. 7ஆம் தேதி காலைல லேப் ஆள வீட்டுக்கே வர வெச்சு சாம்பிள் குடுத்தாங்க, ராத்திரி ரிசல்ட் வந்துது. ரிப்போர்ட்ல தேதி 07/12/2021ன்னு போட்டிருந்தாங்க, அமெரிக்காவுல அத ஜூலை 12ன்னுதான் படிப்பாங்க. லேபுக்கு ஃபோன் பண்ணி மாசத்த எழுத்துல போட்டு மாத்தி வாங்கினாங்க. சின்ன விஷயம், ஆனா அம்மா அத நடு ராத்திரி கவனிச்சாங்கங்கறது எனக்கு இன்னைக்கும் ஆச்சரியம்.

டிசம்பர் கடைசி: டெஸ்ட் கிடைக்கலை

கப்பலுக்கு தடுப்பூசி போட்டவங்க 2 நாளுக்குள்ள டெஸ்ட் எடுக்கணும்னு இருந்துது, செப்டம்பர்லதான் 3 நாள்ங்கறது 2 நாளா சுருங்கினது. ஞாயித்துக்கிழமை கப்பல்னா வெள்ளியும் சனியும். அந்த வெள்ளி டிசம்பர் 31, சனி ஜனவரி 1. ஃபார்மஸில பாதி லீவு, பாதி அரை நாள், மிச்சம் இருக்கற ஸ்லாட் எல்லாம் ஒமிக்ரான் கூட்டத்துல பத்து நாளைக்கு ஃபுல். புக் பண்ணினப்ப இந்தத் தேதி எந்தக் கிழமையில விழுதுன்னு பாத்தோமே தவிர, அதுக்கு முந்தின ரெண்டு நாள் என்ன நாள்னு நாங்க யாருமே பாக்கலை.

நல்ல வேளையா மருமகள் நவம்பர்லயே வீட்டுல எடுக்கற கிட் ஆறு இருக்கற பேக் ஒண்ணு 150 டாலருக்கு ஆன்லைன்ல வாங்கி வெச்சிருந்தாங்க. இதுல ஒரு குழப்பம் அப்ப பல பேருக்கு வந்துது. கடையில ரெண்டு ரெண்டா விக்கற பைனாக்ஸ்நவ் கிட்டும் இதுவும் உள்ள ஒரே அட்டைதான், ஆனா கடையில வாங்கின கிட்டை கப்பல்ல ஏத்துக்கலை. வீடியோ கால்ல ஒரு ஆள் நீங்க டெஸ்ட் எடுக்கறத முழுசா பாத்து, ஐடி சரி பாத்து, பேர் தேதியோட ரிசல்ட் அனுப்பற வகைதான் செல்லுச்சு. சின்னவன் தடுப்பூசி போடாததால அவனுக்கு மட்டும் கம்பெனி கேட்டது லேப் பிசிஆர், 3 நாளுக்குள்ள, அது போக துறைமுகத்துலயும் ஒரு டெஸ்ட். அவனுக்கு டிசம்பர் 30 வியாழக்கிழமை காலைல எடுத்தாங்க, மூணு மணி நேரம் கார்ல வரிசையில நின்னு.

அதே வியாழக்கிழமை சாயங்காலம் சிடிசி க்ரூஸ் எச்சரிக்கைய நாலாவது லெவலுக்கு ஏத்திடுச்சு, தடுப்பூசி போட்டிருந்தாலும் க்ரூஸ் போகாதீங்கன்னு. மூணு நாள் முன்னாடி இப்படி ஒரு அறிவிப்பு. கம்பெனிய கூப்பிட்டா கப்பல் கிளம்புது, நீங்களா நிறுத்தினா பணம் கிடையாதுன்னு பதில். வீட்டுல அன்னைக்கு ராத்திரி ரொம்ப நேரம் பேசினாங்க. அப்பா எதுவும் சொல்லலை, ஆனா சூட்கேஸ்ல அவர் மாத்திரை டப்பாவ வெக்காம மேசை மேலயே வெச்சிருந்தத நான் பாத்தேன். டெஸ்ட் ரிசல்ட்ட பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு விட்டாங்க. இப்ப யோசிச்சா, அது முடிவே எடுக்காம விட்டதுதான்.

டிசம்பர் 31: சமையலறை மேசை

வெள்ளிக்கிழமை காலைல எட்டரை மணிக்கு மேசைய துடைச்சு லேப்டாப் வெச்சு ஒவ்வொருத்தரா உக்காந்தாங்க. அட்டையத் தொறந்து மேல் ஓட்டைல ஆறு சொட்டு, மூக்குல ஒவ்வொரு பக்கமும் அஞ்சு சுத்து, குச்சிய கீழ் ஓட்டைல விட்டு மூணு தடவை திருப்பி, மூடி, 15 நிமிஷம். ஒரு ஆளுக்கு காத்திருக்கறதோட சேத்து முக்கால் மணி நேரம் ஆச்சு. மகன், மருமகள், பொண்ணு, அப்பா நாலு பேரும் நெகட்டிவ்.

அம்மா கடைசி. வீடியோல இருந்த பொண்ணு வேகமா இங்கிலீஷ் பேசினதால மருமகள் பக்கத்துல நின்னு தமிழ்ல சொல்லிக் குடுத்தாங்க, அம்மா பாஸ்போர்ட்ட ரெண்டு கையாலயும் கேமரா முன்னாடி புடிச்சுக்கிட்டு இருந்தாங்க. 15 நிமிஷம் ஆகறதுக்கு முன்னாடியே ரெண்டாவது கோடு லேசான ரோஸ் கலர்ல தெரிய ஆரம்பிச்சிடுச்சு. அம்மாவுக்கு அந்தக் கோடுன்னா என்னன்னு தெரியும். "இது என்னால இல்லம்மா, நேத்திக்கே தொண்டை கொஞ்சம் கரகரன்னு இருந்துது, குளிருன்னு நெனச்சேன்"னு மருமகள்கிட்ட மெதுவா சொன்னாங்க. ஏதோ தப்பு பண்ணிட்ட மாதிரி அவங்க சொன்ன அந்தத் தொனிதான் எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துது.

எடுத்த முடிவும் காரணமும்

பேக்ல இன்னும் ஒரு கிட் மிச்சம். இன்னொரு தடவை எடுத்துப் பாக்கலாமான்னு மகன் கேட்டார். எடுக்கலை. அறிகுறி இருக்கறவங்களுக்கு, ஊரே தொத்துல இருக்கற நேரத்துல, இந்த வகை டெஸ்ட் பாஸிட்டிவ் காட்டினா அது பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும். அடுத்தது நெகட்டிவ் வந்தாலும் முதல்ல வந்தது இல்லன்னு ஆகிடாது.

அடுத்த கேள்வி இதவிட கஷ்டம். மிச்சம் அஞ்சு பேர் போகலாமா? அந்த வாரம்தான், டிசம்பர் 27 அன்னைக்கு, சிடிசி தனிமை நாள 10லேர்ந்து 5ஆ குறைச்சிருந்துது, அத வெச்சு நண்பர்கள் சில பேர் போங்க ஒண்ணும் ஆகாதுன்னாங்க. ஆனா அப்ப கப்பல் ஏற முன்னாடி ஒரு ஃபார்ம் கையெழுத்துப் போடணும்னு இருந்துது, கோவிட் வந்தவங்களோட நெருக்கமா இருந்தீங்களான்னு அதுல நேரா கேட்டிருந்தாங்க. ஒரே வீட்டுல ஒரே சமையல் சாப்பிட்டவங்க இல்லன்னு எழுத முடியாது. மகன் சொன்னது இது: "எங்க அப்பா மாதிரி சுகர் இருக்கற ஆளுங்க அந்தக் கப்பல்ல நூறு பேர் இருப்பாங்க." அதோட பேச்சு முடிஞ்சுது. அன்னைக்கே கம்பெனிக்கு ஃபோன் போட்டு, ரிசல்ட் மெயில அனுப்பிட்டாங்க.

ஜனவரி: நோயும் பணமும்

அம்மாவுக்கு ரெண்டு நாள் காய்ச்சல், மாடி ரூம்ல தனியா, கதவுக்கு வெளில ஸ்டூல்ல ரசமும் கஞ்சியும். அப்பாவுக்கு தினம் மூணு வேளை ஆக்ஸிமீட்டர், கடைசி வரைக்கும் அவருக்கு வரலை. ஜனவரி 4 அன்னைக்கு மகனுக்கு பாஸிட்டிவ், கடை கிட்டுல பாத்தது, ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கிட்டார். இந்த ஃபோட்டோ விஷயம் பின்னாடி வருது.

அன்னைக்கே சாயங்காலம்தான் சின்னவனோட பிசிஆர் ரிசல்ட் வந்துது, நெகட்டிவ். கப்பல் கிளம்பி ரெண்டு நாள் கழிச்சு. அதாவது அம்மாவுக்கு எதுவுமே இல்லாம இருந்திருந்தாலும் குடும்பம் மொத்தமும் கால்வெஸ்டன் வரைக்கும் பெட்டியோட போயிட்டு, 3 வயசு குழந்தைக்கு பேப்பர் இல்லாம திரும்பியிருக்கும். இது தெரிஞ்சதும் மருமகள் கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

பணம்: அப்பா அம்மா கேபினுக்கு முழு ரீஃபண்ட் மூணு வாரத்துல வந்துது. மத்த நாலு பேரோட கேபின் வேற புக்கிங் நம்பர், ரெண்டையும் சேத்து லிங்க் பண்ணச் சொல்லி யாரும் கேக்கலை, அதனால முதல்ல இது நீங்களா நிறுத்தினதுன்னு எடுத்துக்கிட்டாங்க. அஞ்சு ஃபோன் கால், மூணு மெயில். கடைசியில பணமா இல்லாம அடுத்த பயணத்துக்கு வரவு வெச்சுக்கற மாதிரி குடுத்தாங்க.

மார்ச் 13: ரெண்டாவது தடவை

அந்த வரவ வெச்சு ஸ்ப்ரிங் பிரேக்ல மார்ச் 13 கப்பலுக்கு புக் பண்ணினாங்க. பிப்ரவரி 15 அன்னைக்கு சிடிசி எச்சரிக்கைய மூணாவது லெவலுக்கு எறக்கியிருந்துது. ரெண்டு கேபினும் லிங்க், முந்தின ரெண்டு நாளும் சாதாரண வெள்ளி, சனி.

அப்ப இருந்த ரூல் படி, குணமாகி 90 நாளுக்குள்ள இருக்கறவங்களுக்கு டெஸ்ட் வேணாம், பழைய பாஸிட்டிவ் ரிசல்ட்டும் டாக்டர் லெட்டரும் போதும். அம்மாவோடது வீடியோல பாத்து எடுத்த ரிசல்ட், பேர், தேதி எல்லாம் இருந்துது, டாக்டர் லெட்டர் ஒரே நாள்ல கிடைச்சுது. மகன்கிட்ட இருந்தது மேசை மேல இருக்கற ஒரு அட்டையோட ஃபோட்டோ, அது யாரோடதுன்னு கூட அதுல இல்ல. அவர் டெஸ்ட் எடுத்தே ஆகணும்னு ஆச்சு. பிசிஆர்ல பழைய தொத்தோட மிச்சம் வாரக்கணக்கா காட்டலாம்ங்கறதால அவர் ஆன்டிஜென் டெஸ்ட்டே (அந்த அட்டை கிட் வகை) எடுத்தார், நெகட்டிவ். சின்னவனுக்கு இந்தத் தடவை ரெண்டு வேற வேற லேப்ல பிசிஆர் குடுத்தாங்க, ஒண்ணு சனிக்கிழமை ராத்திரி ஒம்பது மணிக்கு வந்துது, இன்னொண்ணு திங்கக்கிழமை.

துறைமுகத்துல அப்பாவோட கோவின் கியூஆர் கோட அவங்க மெஷின் படிக்கலை, கோவாக்சின்ங்கற பேர அந்தப் பையன் கேள்விப்பட்டதே இல்ல. உலக சுகாதார நிறுவனத்தோட பட்டியல் பிரிண்ட்ட குடுத்தாங்க, சூப்பர்வைசர் வந்து, பாஸ்போர்ட்டையும் சான்றிதழையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பேர விரலால தடவிப் பாத்து, சரின்னார். 12 நிமிஷம். ஏழு நாளும் யாருக்கும் ஒண்ணும் ஆகலை.

இன்னொரு தடவைன்னா என்ன மாத்துவாங்க

அவங்ககிட்ட கேட்டு எழுதறேன். கப்பல் தேதிக்கு முன்னாடி மூணு நாளும் வேலை நாளா இருக்கற மாதிரி பாப்பாங்க. இன்சூரன்ஸ் வேணுமா வேணாமான்னு டெபாசிட் கட்டின அன்னைக்கே முடிவு பண்ணுவாங்க. ரெண்டு புக்கிங்னா அன்னைக்கே லிங்க். பாஸிட்டிவ் வந்தா அத ஒரு லேப்லயோ வீடியோலயோ பதிவு பண்ணிடுவாங்க. ஆறு பேருக்கும் ஒரே செக்லிஸ்ட் போடாம ஆளுக்கு ஒரு தாள், என்ன ஊசி, என்ன டெஸ்ட், எந்த நாள், எந்தப் பேப்பர்னு.

அம்மா வேற ஒண்ணு சொன்னாங்க. கப்பலுக்கு முந்தின பத்து நாள் யார் வீட்டு பாட்லக்குக்கும் (ஆளுக்கு ஒரு சாப்பாடு கொண்டு வந்து சேந்து சாப்பிடற விருந்து) போகக் கூடாது, தொண்டை லேசா கரகரன்னாலும் அத அப்பவே வாய் தொறந்து சொல்லணும்னு.

சிடிசி 2022 ஜூலை 18 அன்னைக்கு இந்த ரூலெல்லாம் இருந்த கோவிட் க்ரூஸ் திட்டத்தையே முடிச்சிடுச்சு. அப்பா அம்மா அதுக்கு முன்னாடியே ஊர் போயிட்டாங்க. ஆறு தாளும் வெச்ச அந்த பச்சை ஃபைல் மட்டும் சுகர்லேண்ட்ல ஃப்ரிட்ஜ் மேல இன்னும் இருக்கு.